இடம்புரிச் சுருள்

ஏழாயிரத்து முந்நூற்று இருபது ரூபாய். சீட்டில் இருந்தது அவ்வளவுதான். மேலே தேதி, கீழே படகுக்காரரின் கையெழுத்து. நான் எழுத்துக் கூட்டி அதைப் படித்து முடிப்பதற்குள், சீட்டைக் கொண்டுவந்த நெட்டையன் வாசற்படியில் உட்கார்ந்து பீடியைப் பற்றவைத்துவிட்டான்.

"இன்னொரு தடவை படி தம்பி" என்றாள் அக்கா.

படித்தேன். தொகை குறையவில்லை.

அக்கா என்று நான் சொல்வது கூடப் பிறந்தவளை இல்லை. நான் குடியிருக்கும் பின்னறைக்கு வாடகை வாங்குகிறவள். அவள் வீட்டுக்காரரைத் துறையில் எல்லோரும் சுருள்காரர் என்பார்கள். நான் அண்ணன் என்பேன். எனக்கு வேலை துறையில் ஐஸ் சுமப்பது. வீடு துறைக்கு மேலே, ஐஸ் ஆலைச் சுவரை ஒட்டிய சந்தில். முன்னறையில் அவர்கள் தொழில், நடுவில் அடுப்பு, பின்னால் நான். நடுவே இருப்பது பலகைத் தடுப்பு. அங்கே இருமினால் இங்கே தூக்கம் கலையும்.

"நாலாயிரத்து எண்ணூறு நீங்க வாங்கின முன்பணம்" என்றான் நெட்டையன். "மீதி ரெண்டாயிரத்து ஐநூத்தி இருபது கடலுக்குப் போன ஒரு நடை நஷ்டம். டீசல், ஐஸ், இரை. எங்க கூலியை ஐயா இதுல சேர்க்கல. அதை எங்க தலையிலயே கட்டிட்டாரு."

பக்கத்தில் ஒரு தகர டப்பாவை வைத்தான். மூடியைத் திறந்தால் உள்ளே பளபளவென்று ஆயிரம் சுருள்கள்.

"ஆயிரத்தைத் தூண்டில்ல ஏத்தியாச்சு. இது மிச்சம். சாயங்காலம் ஐயாவே வருவாரு. நீங்க என்ன பேசணுமோ அவர்கிட்ட பேசிக்கோங்க. நான் சும்மா சீட்டுக் கொண்டாந்தவன்."

அவன் போன பிறகு அண்ணன் ஒரு சுருளை இடது கையால் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வலது கை துண்டுக்குள் இருந்தது.

"இதுல என்ன கோளாறு?" என்றார். "கூர் இருக்கு. சுத்து ஏழு இருக்கு. நீளம் சரியா இருக்கு."

அந்தச் சுருளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தூண்டிலில் இரையைக் குத்திக் கடலில் விட்டால் அது அப்படியே நிற்காது. அலை அடிக்கும், சின்ன மீன் கொத்தும், இழுக்கும்போது வழுக்கும். பாதித் தூண்டில் மொட்டையாகத் திரும்பி வரும். சிலர் நூல் சுற்றிக் கட்டுவார்கள். சிலர் ரப்பர் வளையம் போடுவார்கள். எங்கள் துறையில் சுருள். எவர்சில்வர் கம்பியைச் சுண்டு விரல் நீளத்துக்குத் திருகு மாதிரி சுற்றியது. ஒரு நுனியில் வளையம். சாவிக் கொத்தில் சாவி ஏற்றுவது போல அதைத் தூண்டிலின் கண்ணில் ஏற்றிவிடலாம். மறு நுனி கூர். இரை மீனின் தலையில் அதைத் திருகி ஏற்றிவிட்டுத் தூண்டில் முள்ளை வயிற்றில் குத்தினால், மீன் கடித்துப் பிய்த்தால் ஒழிய இரை அசையாது.

அண்ணன் அதைச் சுற்றுவது ஒரு பலகையில். பலகையின் மேல் படுக்கை வசமாக ஓர் இரும்பு ஊசி, அதன் ஒரு முனையில் சைக்கிள் பெடலை வெட்டிச் செய்த கைப்பிடி. இடது கையால் கம்பியைக் கொடுத்து வலது கையால் கைப்பிடியைச் சுற்றுவார். ஏழு சுற்று, ஒரு வெட்டு, அரத்தால் ஒரு ராவு. ஒரு நாளைக்கு இருநூறு. பலகை தரையோடு ஆணி அடித்து நிற்கும். அவர் சுவரில் சாய்ந்துகொண்டு, கைப்பிடி தன் வலப்பக்கம் இருக்கும்படி உட்காருவார். இருபது வருஷமாக அந்தச் சுவரில் அவர் முதுகுக் கறை இருக்கிறது.

மூன்று வாரத்துக்கு முன், வெட்டின கம்பி துள்ளி அவருடைய வலது கைப் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இறங்கிவிட்டது. ஐந்து தையல். ஆஸ்பத்திரியில் ஒரு மாதம் எதையும் பிடிக்கக் கூடாது என்றார்கள். அதற்கு மூன்று நாள் முன்னால்தான் படகுக்காரரிடம் இரண்டாயிரம் சுருளுக்கு முன்பணம் வாங்கிக் கம்பி எடுத்திருந்தார். கை போனது தெரிந்தால் படகுக்காரர் சுருளுக்கு இரும்புக்கடைக்குப் போய்விடுவார். இரும்புக்கடைக்காரன் எப்போது என்று காத்திருந்தான். ஆகையால் அண்ணன் வெளியே போனால் கையைத் துண்டுக்குள் வைத்துக்கொண்டு போனார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற கதைதான், ஆனாலும் பதினைந்து நாள் மறைந்தது.

சுருளைச் சுற்றியது அக்கா.

அவளுக்கு இடது கைதான் கை. காய் நறுக்குவது, துணி பிழிவது, எங்களை அதட்டும்போது நீட்டுவது எல்லாம் இடது. சின்ன வயதில் அவளைப் பீச்சாங்கை என்றே கூப்பிடுவார்களாம். அண்ணன் இடத்தில் உட்கார்ந்து பார்த்தாள். கைப்பிடி வலப்பக்கம் இருந்தது, சுற்ற வரவில்லை. எழுந்து பலகையைச் சுற்றி வந்து எதிர்ப்பக்கம் உட்கார்ந்தாள். இப்போது கைப்பிடி இடது கைக்குத் தோதாக வந்துவிட்டது. தனக்கு வந்த மாதிரி சுற்றினாள். முதல் நாள் முப்பது. மூன்றாம் நாள் நூற்றைம்பது.

மழை விடாத பதினைந்து நாள் அது. சந்தில் தண்ணீர் ஓடும். உள்ளே கைப்பிடி கிரீச் கிரீச் என்று சுற்றும். அண்ணன் சுவரில் சாய்ந்து, எதிரே இருப்பவளுக்கு யோசனை சொல்லிக்கொண்டே இருப்பார்.

"கம்பியை இழுத்துப் பிடி. தொளதொளன்னு விடாதே."

"நீங்க வாயை இழுத்துப் பிடிங்க. அது போதும்."

சாயங்காலம் வேலை முடிந்து நான் வந்தால், ரொட்டியும் அவித்த உருளைக்கிழங்கும் தட்டில் வைத்து டப்பாவை என் பக்கம் தள்ளுவாள். ஒவ்வொரு சுருளையும் குழாய்த் துண்டில் போட்டுப் பார்ப்பது என் வேலை. தடுக்காமல் விழுந்தால் பருமன் சரி. பிறகு நகத்தில் உரசிக் கூர் பார்ப்பேன். நூறு நூறாகக் கட்டுவேன். அண்ணனும் பார்த்தார், நானும் பார்த்தேன். எந்தப் பக்கம் சுற்றியிருக்கிறது என்று மூவரும் பார்க்கவில்லை. இருபது வருஷமாக ஒரே பக்கம் சுற்றிய வீட்டில் அதைப் பார்க்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்?

சாயங்காலம் படகுக்காரர் வந்தார். பருத்த மனிதர், மெதுவாகப் பேசுவார். கோபம் வந்தால் இன்னும் மெதுவாகப் பேசுவார். சட்டைப் பையிலிருந்து செய்தித்தாளில் மடித்த ஒரு மத்தி மீனையும் சுருள் மாட்டிய தூண்டில் ஒன்றையும் எடுத்துப் பலகைமேல் வைத்தார்.

"பாரு" என்றார். வலது கையால் சுருளை மீன் தலையில் வைத்து, எல்லோரும் திருகுகிற மாதிரி வலப்பக்கம் திருகினார். சுருள் ஏறவில்லை. தோலைக் கிழித்துச் சதையை வெளியே தள்ளியது.

"இப்ப பாரு." இடப்பக்கம் திருப்பினார். ஏழு சுற்றும் வெண்ணெயில் இறங்குவது போல இறங்கியது.

மீனைத் தூக்கி எங்களுக்குக் காட்டினார்.

"கழட்டுற பக்கம் திருப்பினா ஏறுது. என் ஆளுங்க இதைக் கண்டுபிடிக்கவே நாலு கூடை இரை நாசம். கண்டுபிடிச்ச பிறகும் கை கேக்கல. ஓடுற படகுல நின்னுக்கிட்டு நூறு தடவை அந்தப் பக்கம் திருகின கை நூத்தியோராவது தடவையும் அந்தப் பக்கம்தான் போகும். நான் என்ன, எல்லாருக்கும் புதுக் கை வாங்கி மாட்டவா?"

அண்ணன் மீனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வலம்புரிச் சங்கு ஒண்ணு வலையில சிக்கினா லட்ச ரூபாம்பாங்க. எனக்குப் பாரு, சொளையா ரெண்டாயிரம் இடம்புரி" என்றார் படகுக்காரர். சிரிக்கவில்லை. "இரும்புக்கடையில உருப்படிக்குப் பத்துப் பைசா குறைச்சுக் கேட்டான். உன் கைச் சுருள்னுதான் உன்கிட்ட வந்தேன். இது உன் கைதானா?"

அக்கா டீயோடு நடுக்கதவில் நின்றிருந்தாள். வாயைத் திறந்தாள். அதற்குள் அண்ணன் முந்திக்கொண்டார்.

"என் கைதான். தோள்ல வலி. இடது கையால சுத்திப் பார்த்தேன். பக்கம் மாறினது தெரியல."

"தோள்ல வலி."

"ஆமா."

படகுக்காரர் துண்டுக்குள் இருந்த கையைப் பார்த்தார். டீயைக் குடித்து டம்ளரைக் கவிழ்த்து வைத்தார்.

"மாசக் கடைசி வரைக்கும் பொறுக்கறேன். பணம் வரலேன்னா இந்தப் பலகையை எடுத்துக்குவேன். எனக்குச் சுத்தத் தெரியாது. தெரிஞ்சவன்கிட்ட குடுத்துச் சுத்திக்குவேன்."

அவர் போனதும் மீன் நாற்றம் மட்டும் அறையில் இருந்தது. பலகை போனால் இந்த வீட்டில் அடுப்பு எரியாது. இது மூவருக்கும் தெரியும். என்னிடம் நானூறு ரூபாய் இருந்தது. எடுத்து நீட்டினேன்.

"நீ வாடகையை நேரத்துக்குக் குடு தம்பி, அது போதும்" என்றாள் அக்கா. எனக்கு அந்த மாத வாடகை பாக்கி. பணத்தை மடித்து உள்ளே வைத்துக்கொண்டு பின்னறைக்குப் போனேன்.

தடுப்புக்கு அந்தப் பக்கம் பாத்திரம் கழுவுகிற சத்தம் ரொம்ப நேரம் கேட்டது. பிறகு அவள் குரல்.

"ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"பின்ன, பொண்டாட்டி கெடுத்துட்டான்னு சொல்லச் சொல்றியா?"

"கெடுத்தது நான்தானே. அதைச் சொன்னா என்ன?"

"நாலு பேர் சிரிப்பாங்க."

"இப்ப சிரிக்கலையா?"

"என்னைப் பார்த்துச் சிரிச்சா சிரிக்கட்டும். எனக்குப் பழக்கம்தான்."

"எனக்கு எப்பப் பழகறது?"

அண்ணன் பாயை உதறிப் போடுகிற சத்தம் கேட்டது.

"முப்பது வருஷம் ஆச்சு" என்றாள். "வீடு உங்க பேர்ல. பலகை உங்க பேர்ல. வாங்கின முன்பணம் உங்க பேர்ல. நல்லா இருக்குன்னு சொன்னா அது உங்க சுருள். நானா, என் கையால, தனியா செஞ்சது இந்த ஒரு தப்புதான். அதையும் நீங்களே எடுத்துக்கிட்டா எப்படி?"

"பைத்தியமா உனக்கு? ஏழாயிரம் ரூபா தப்பு. அதுக்குப் போய் பங்கு கேக்குற."

"பங்கு கேக்கல. முழுசும் கேக்கறேன்."

அண்ணன் புரண்டு படுக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

மறுநாள் நான் துறைக்குப் போனபோது விடிந்துகொண்டிருந்தது. பனிமூட்டம். ஐஸ் கட்டியைச் சாக்கில் சுற்றித் தோளில் ஏற்றி, படகு மேடைக்கும் லாரிக்கும் நடையாக நடந்தேன். நாலாவது கட்டியை இறக்கிவிட்டு நிமிர்ந்தால், மேடையோரம் கவிழ்த்த பெட்டிமேல் அக்கா உட்கார்ந்திருக்கிறாள். முன்னால் ஒரு தூண்டில் கூடை. கூடை என்பது பேச்சுக்கு. பிளாஸ்டிக் தொட்டிதான். உள்ளே ஒரே நீளக் கயிறு வளையம் வளையமாகப் படிந்திருக்கும். அதிலிருந்து கிளை பிரிந்த நூறு தூண்டில்களும் தொட்டியின் விளிம்பில் வரிசையாகத் தொங்கும். படகில் பத்துக் கூடை போகும். ஒவ்வொரு தூண்டிலிலும் அவள் சுற்றிய சுருள் மாட்டியிருந்தது.

நெட்டையனும் அவன் கூட்டாளி தூங்குமூஞ்சியும் படகு விளிம்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். தூங்குமூஞ்சி உண்மையில் தூங்குகிறவன் இல்லை, கண் அப்படி.

"அக்கா, மதியம் கிளம்புறோம்" என்றான் நெட்டையன். "அந்தச் சனியனை எல்லாம் கழட்டணும். ஒண்ணொண்ணா கழட்டினா இன்னிக்கும் நடை போச்சு. நீ வேற அதைத் தொட்டுக்கிட்டு."

"இரை எங்க?"

"எதுக்கு?"

"சொல்லேன்."

அவன் மத்திப் பெட்டியைக் காலால் தள்ளினான். அவள் வலது கையால் ஒரு மீனைத் தலையைச் சேர்த்துப் பிடித்தாள். இடது கையால் சுருளை வைத்து ஒரு திருகு, இரண்டாவது திருகு, முள்ளை வயிற்றில் ஓர் அழுத்து. கூடையில் வைத்தாள். அடுத்த மீன்.

"அக்கா, அது கழட்டுற பக்கம்" என்றான் தூங்குமூஞ்சி.

"எனக்கு இதுதான் பூட்டுற பக்கம்."

அவன் நெட்டையனைப் பார்த்தான். நெட்டையன் எண்ண ஆரம்பித்தான். இருபதுக்குப் பிறகு எண்ணுவதை விட்டுவிட்டு உட்கார்ந்தான். முதலில் அவள் கை கொஞ்சம் தடுமாறியது. மீன் வழுக்கியது. முப்பதாவது தூண்டிலில் கை பழகிவிட்டது. பலகையில் கைப்பிடி சுற்றிய அதே அசைவு, சின்னதாக, விரல் நுனியில். எனக்குக் கட்டி உருகிக்கொண்டிருந்தது. லாரிக்காரன் கத்தினான். போய்விட்டு வந்து பார்த்தேன், அறுபதைத் தாண்டியிருந்தாள்.

படகுக்காரர் டீ டம்ளரோடு வந்தார். தூரத்திலேயே நின்றார். கூடை முடிகிற வரைக்கும் அவர் டீயைக் குடிக்கவில்லை. நூறாவது இரையை வைத்து, ஈரச் சாக்கால் கூடையை மூடினாள். முக்கால் மணி நேரம்.

அவர் வந்து சாக்கைத் தூக்கி ஓர் இரையை இழுத்துப் பார்த்தார். வரவில்லை. இன்னொன்றை இழுத்தார். வரவில்லை.

"ஏம்மா" என்றார் மெதுவாக, "அப்ப சுத்தினது யாரு?"

"நான்."

"அவன் சொன்னான்..."

"அவரு சொன்னது பொய். அவருக்குக் கையில தையல் போட்டிருக்கு. உங்ககிட்ட சொன்னா வேலை போயிடும்னு மறைச்சோம். மறைச்சது ரெண்டு பேரும். சுருள் மட்டும் நான். எதிர்ப்பக்கம் உட்கார்ந்து சுத்தினேன், பக்கம் மாறிப்போச்சு. கெட்ட எண்ணம் இல்ல. ஆனா தப்புதான்."

"சரி. இப்ப என்ன சொல்ற?"

"ஆயிரம் தூண்டில்லயும் மாட்டியாச்சு. கழட்டினா உங்களுக்கு ரெண்டு நாள் போகும். கழட்ட வேண்டாம். இரையை நான் கரையிலயே ஏத்தித் தர்றேன். உங்க ஆளுங்க கடல்ல போய் இறக்கினா போதும். கூடைக்கு அறுபது ரூபா. கையில குடுக்க வேண்டாம். சீட்டுல கழிச்சுக்கோங்க."

"நாப்பது."

"வலை தைக்கிற பொம்பளைங்களுக்கு ஒரு மணி நேரத்துக்கு என்ன குடுக்கறீங்க?"

படகுக்காரர் டீயைப் பார்த்தார். ஆறிப்போயிருந்தது.

"ஐயா, சரின்னு சொல்லிடுங்க" என்றான் நெட்டையன் படகிலிருந்து. "ஆடுற படகுல குனிஞ்சுக்கிட்டு இரை குத்திக் குத்தி என் முதுகு வில்லாப் போச்சு. என் பொண்டாட்டி என்னை நிமிர்ந்து பார்த்து வருஷமாச்சு."

"உன்னை யாருய்யா குனிஞ்சு பார்ப்பாங்க, நெட்டை" என்றான் தூங்குமூஞ்சி.

அப்போது அண்ணன் வந்தார். வீட்டில் அவளைக் காணாமல் ஓடி வந்திருக்கிறார். துண்டு வீட்டிலேயே இருந்தது. கட்டுப்போட்ட கை எல்லோருக்கும் தெரிய மார்போடு சேர்த்துப் பிடித்திருந்தார். அவளைப் பார்த்தார், கூடையைப் பார்த்தார், படகுக்காரரைப் பார்த்தார்.

"தோள்ல வலின்னியே" என்றார் படகுக்காரர். "வலி கீழ இறங்கிடுச்சா?"

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். நெட்டையன் முதலில் சிரித்தான். பிறகு தூங்குமூஞ்சி. எனக்கும் சிரிப்பு வந்தது, சாக்கால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். அக்கா சிரிக்கவில்லை. இரண்டாவது கூடையை இழுத்து முன்னால் வைத்துக்கொண்டாள்.

"அறுபது" என்றார் படகுக்காரர். "ஒரு இரை கழண்டு வந்தாலும் நான் பேச மாட்டேன், சீட்டுதான் பேசும்."

ஏழாயிரத்து முந்நூற்று இருபதை அறுபதால் வகுத்தால் நூற்று இருபத்திரண்டு கூடை. நடைக்குப் பத்துக் கூடை. படகு ஒரு நாள் விட்டு ஒரு நாள் போகும். அன்று மதியம் அக்கா என்னிடம் கேட்டுக் கணக்குப் போட்டுக்கொண்டாள். பன்னிரண்டு நடையும் இரண்டு கூடையும். பலகையைத் தூக்குகிற பேச்சு அதோடு நின்றது.

அதன் பிறகு நடை நாளெல்லாம் விடியும்போது அவள் அந்தப் பெட்டிமேல் இருப்பாள். முதல் நாள் பத்துக் கூடைக்கு எட்டு மணி நேரம் பிடித்தது. அடுத்த வாரம் ஆறு மணி நேரம். ஐஸில் கிடந்த மீன் விரலை மரக்க வைத்துவிடும். செதில் நகத்துக்கடியில் போகும். மூன்றாம் நடைக்குள் அவள் இடது கட்டைவிரலில் உப்பு அறுத்த கோடுகள். ரப்பர் உறை போட்டுப் பார்த்தாள், சுருள் பிடிபடவில்லை. துணி சுற்றிக்கொண்டாள். ஒரு நாள் நான் சுடுதண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். கையை உள்ளே விட்டுக் கண்ணை மூடி, "இப்பதான் விரல் என்னுதுன்னு தெரியுது" என்றாள்.

வீட்டில் அடுப்பு வேலை அண்ணன் தலையில் விழுந்தது. ஒற்றைக் கையால் உருளைக்கிழங்கு அவித்தார். தோல் உரிக்க மாட்டார்.

"தோல்ல சத்து இருக்காம்" என்றார் என்னிடம்.

"மண்ணுலயும் இருக்கு" என்றாள் அக்கா. ஆனாலும் தின்றாள்.

நாலாவது நடையிலிருந்து அவரும் துறைக்கு வந்தார். அவளுக்கு எதிரே இன்னொரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, இடது கையால் மீனைப் பொறுக்கி, தலை அவள் பக்கம் வருகிற மாதிரி வரிசையாக வைத்தார். முதலில் தலையும் வாலும் மாறி மாறி வைத்தார். அவள் ஒவ்வொன்றாகத் திருப்பிக்கொண்டாள். பத்து மீனுக்குப் பிறகு அவருக்கே புரிந்தது.

ஐந்தாவது நடையில் காற்று. படகு மூன்று நாள் போகவில்லை. ஏற்றிய இரையெல்லாம் ஐஸில் கிடந்து பழுதாகிவிட்டது. அந்தப் பத்துக் கூடையைக் கழிக்க வேண்டாம் என்றாள் அக்கா. "நீ ஏத்தினே, காத்து அடிச்சுது. காத்தை நீயா கூட்டிக்கிட்டு வந்தே?" என்று படகுக்காரர் கழித்துவிட்டார்.

ஏழாவது நடையிலிருந்து ஒரு பேச்சுக் கிளம்பியது. மொட்டையாகத் திரும்புகிற தூண்டில் குறைந்திருக்கிறது என்று. முன்பெல்லாம் கூடைக்கு நாற்பது மொட்டை வரும், இப்போது இருபத்தைந்து என்றான் நெட்டையன். கயிற்றை இழுக்கும்போது முறுக்கு அவிழ்ந்து சுழலும், அந்தச் சுழலுக்கு இடம்புரி இறுகுகிறது என்பது அவன் கட்சி. அதெல்லாம் இல்லை, ஆடாத தரையில் உட்கார்ந்து நிதானமாகத் திருகினால் எந்தப் பக்கச் சுருளும் நிற்கும் என்பது தூங்குமூஞ்சியின் கட்சி. இருவரும் மேடையில் நின்று ஒரு மணி நேரம் வாதாடினார்கள். எனக்கு எது சரி என்று தெரியாது. அவள் ஒவ்வொரு சுருளையும் முடித்த பிறகு அரைத் திருகு கூடத் திருகுவாள். அது மட்டும் நான் பார்த்தேன்.

ஒன்பதாவது நடைக்கு முன்னால் அண்ணனுக்குக் கைக்கட்டைப் பிரித்தார்கள். அதே வாரம் படகுக்காரர் தான் திருப்பி அனுப்பிய டப்பாவையும் வாங்கிக்கொண்டு, இன்னும் ஆயிரம் சுருள் வேண்டும் என்றார்.

"எந்தப் பக்கம்?" என்றார் அண்ணன்.

"இரை ஏத்துறவங்க பக்கம்."

அன்று சாயங்காலம் நான் வீட்டுக்குள் நுழைந்தபோது, அண்ணன் சுவரோரம் தன் பழைய இடத்தில் உட்கார்ந்து கைப்பிடியைப் பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டிருந்தார். நெற்றியில் வேர்வை. ஐந்து சுருள் சரியாக வரும். ஆறாவது சுற்றும்போது இருபது வருஷப் பழக்கம் வந்து கையைப் பிடித்துக்கொள்ளும். ஆறுக்கு ஒன்று வலம்புரி. அக்கா டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றையும் விரலால் தடவினாள். கண்ணால் பார்க்கவே இல்லை. மாறியதை எடுத்து ஒரு தனி டப்பாவில் போட்டாள்.

"அதை ஏன் தனியா வைக்குற? வீசு" என்றார்.

"இருக்கட்டும். இது உங்க தப்பு. இதுல நான் கை வைக்க மாட்டேன்."

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் உருளைக்கிழங்கைப் பார்த்தேன்.

பன்னிரண்டாவது நடைக்குப் பத்துக் கூடையும் முடிந்தபோது மதியம். வெயில் இல்லை, மழையும் இல்லை. படகுக்காரர் சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்தார். மடித்து மடித்து நாலு துண்டாகக் கிழிகிற நிலையில் இருந்தது. பின்பக்கம் முழுக்கப் பென்சில் கோடுகள்.

"இன்னும் ரெண்டு கூடை" என்றார். "நூத்தி இருபது ரூபா. விட்டுத் தள்ளு. இத்தோட முடிஞ்சுதுன்னு கிழிச்சுடறேன்."

"கிழிக்காதீங்க."

"அட, நானாத்தானே விடறேன்."

"நீங்க விட்டா அது நீங்க விட்டதா ஆயிடும். ரெண்டு கூடைதானே. நாளன்னிக்கு வந்து ஏத்திடறேன்."

"இந்தப் பொம்பளையை என்ன பண்றது?" என்று அண்ணனைக் கேட்டார் படகுக்காரர்.

"எனக்குத் தெரிஞ்சா முப்பது வருஷத்துல ஏதாவது பண்ணியிருக்க மாட்டேனா?" என்றார் அண்ணன். மீன் பெட்டியைத் தண்ணீர் ஊற்றிக் கழுவினார். பிறகு யாரையும் பார்க்காமல், "அவ தப்பு ஐயா. அவளே அடைக்கட்டும்" என்றார்.

அக்கா அவரைப் பார்த்தாள். கைத்துணியை அவிழ்த்து உதறி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

பதின்மூன்றாவது நடை நாளில் பழையபடி பனிமூட்டம். நான் முதல் ஐஸ் கட்டியை இறக்கும்போது அவள் முதல் கூடையில் பாதியில் இருந்தாள். அண்ணன் எதிரே உட்கார்ந்து மீனை வரிசையில் வைத்துக்கொண்டிருந்தார். இப்போது இரண்டு கையும் வேலை செய்தது. முதல் கூடை முடிந்து சாக்கு மூடினாள். இரண்டாவது. படகுக்காரர் அன்று சீக்கிரமே வந்துவிட்டார். நெட்டையனும் தூங்குமூஞ்சியும் படகைக் கழுவுகிற சாக்கில் இந்தப் பக்கமே நின்றார்கள். எனக்கும் அந்த நேரம் பார்த்துத் தோளில் வலி வந்துவிட்டது. சாக்கைப் போட்டு உட்கார்ந்தேன்.

தொண்ணூற்று எட்டு. தொண்ணூற்று ஒன்பது. கடைசி மீனின் தலையில் சுருளை வைத்து இடப்பக்கம் திருகினாள். அரைத் திருகு கூட. முள்ளை அழுத்தினாள். கூடையில் படுக்கவைத்து ஈரச் சாக்கை இழுத்து மூடினாள். கையைத் துடைத்துக்கொண்டாள்.

"இப்ப கோடு போடுங்க" என்றாள்.

"மிச்சம் எட்டுக் கூடையும் முடிச்சுட்டு வாயேன். மொத்தமா போட்டுக்கலாம்."

"அது வேற. இப்ப போடுங்க."

படகுக்காரர் சீட்டைத் தொடையில் வைத்துப் பென்சிலால் கடைசி இரண்டு கோட்டையும் போட்டார். பிறகு முன்பக்கம் திருப்பி, தொகைமேல் ஒரு நீளக் கோடு இழுத்து அவளிடம் நீட்டினார். அவள் இடது கையால் வாங்கி என்னிடம் கொடுத்தாள்.

"படி தம்பி."

"அடிச்சிருக்கு அக்கா. ஒண்ணும் பாக்கி இல்ல."

"யாரு பேர் போட்டிருக்கு?"

பார்த்தேன். "பேர் யாருதும் இல்ல. தொகை மட்டும்தான்."

"சரி, தெரிஞ்சவங்களுக்குத் தெரியும்" என்று சொல்லி, அவள் சீட்டை வாங்கி மடித்துக்கொண்டாள். மூன்றாவது கூடையை இழுத்தாள்.

"இதுல இருந்து கையில குடுக்கணும்" என்றாள் படகுக்காரரிடம். "கூடைக்கு அறுபது."

"தெரியும்மா, தெரியும்."

அண்ணன் அடுத்த மீனைத் தலை அவள் பக்கம் வருகிற மாதிரி வைத்தார். லாரிக்காரன் கத்தினான். நான் சாக்கை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தேன்.